நிமெனேயின் முடியும் நகமும்

கிராண்ட் செஸ்
3 பிப்ரவரி 1911

அன்புத் தம்பி நாக்பேவுக்கு,

அக்கா ஜுக்பே எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கும் இருக்காது என்று நினைக்கிறேன். இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

உன் அண்ணன் நிமெனே போய்விட்டான். கொக்கோத் தீவில் வெள்ளைக்காரர்கள் அவனைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். ஜனவரி ஒன்பதாம் தேதி காலையில். அவனை வேலைக்குக் கூட்டிப்போன கங்காணி பிளாமோ நேற்றுக் கப்பலில் வந்தார். நேரே என் வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

நிமெனே அங்கே கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் படகு விடுகிறவர்களுக்குத் தலைவன். அன்றைக்கு அலை சரியில்லை. ஒரு அதிகாரி உடனே கரைக்குப் போயாக வேண்டும் என்றாராம். "இப்ப வேணாம் தொரை, சாயங்காலம் அலை அடங்கட்டும்" என்று இவன் சொல்லியிருக்கிறான். அவர் துப்பாக்கியைக் காட்டிப் படகை எடுக்கச் சொன்னார். படகு கவிழ்ந்தது. அதிகாரி மூழ்கிவிட்டார், இவன் கரையேறிவிட்டான். வேண்டுமென்றே கவிழ்த்தான் என்று வழக்கு. விசாரணை, தீர்ப்பு, தூக்கு எல்லாம் ஆறே நாளில் முடிந்துவிட்டது. "அவனுக்கு நீந்தத் தெரிஞ்சதுதான் ஜுக்பே குத்தமாப் போச்சு" என்றார் பிளாமோ. நான் அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஏழு வயதில் ஊரை விட்டு பெல்ஃபோர் வீட்டில் வளரப் போனவன் நீ, மறந்திருப்பாய் என்று விவரமாகவே எழுதுகிறேன். வெளியூரில் செத்தவனுடைய முடியும் நகமும் வந்து அதைப் புதைத்தால்தான் இங்கே அடக்கம். அதுவரை அவன் பெண்டாட்டி மூலையில் பாயில் இருக்க வேண்டும். டென்னே நேற்றே தலையை மழித்து வெள்ளை மண் பூசி உட்கார்ந்துவிட்டாள். அடுப்பைத் தொடக்கூடாது, கடலில் இறங்கக்கூடாது, வயலுக்குப் போகக்கூடாது. பிள்ளையைத் தூக்கவும் கூடாது. பிள்ளைக்கு இரண்டு வயது, அதற்கு இதெல்லாம் புரியுமா?

தீவுச் சிறையில் சவரம் செய்கிற கிழவர் நம் கரைக்காரர். நிமெனேயின் முடியையும் நகத்தையும் ஒரு துணியில் முடிந்து வைத்திருக்கிறார். சோதனை இல்லாமல் ஒரு துரும்புகூட வெளியே வராது என்பதால் பிளாமோ சிறை அதிகாரியிடமே போய்க் கேட்டார். அவர், "உங்க சர்க்கார்கிட்டேருந்து காகிதம் கொண்டா, தர்றேன்" என்றாராம். நீ அந்தச் சர்க்காரில்தானே உட்கார்ந்திருக்கிறாய். ஒரு காகிதம் எழுது. முடியும் நகமும் வேண்டும் என்று எழுது. அவ்வளவுதான்.

பிள்ளை என் மடியில் தூங்குகிறான். கை மரத்துப்போயிற்று, இத்துடன் முடிக்கிறேன்.

உன் அக்கா
ஜுக்பே

•

மன்ரோவியா
27 பிப்ரவரி 1911

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இவ்விடம் நானும், பெல்ஃபோர் ஐயாவும், அம்மாளும் சுகமே. தங்கள் சுகத்தையும் குழந்தையின் சுகத்தையும் எழுதவும்.

தங்கள் கடிதம் கண்டு பெரிதும் துயருற்றேன். அன்று மாலை வேலையில் மனம் செல்லவில்லை.

விஷயம் எனக்கு முன்பே எங்கள் வெளியுறவு இலாகாவுக்கு எட்டியிருந்தது. செயலர் இதை மிகப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நம் குடியரசின் குடிமகன் ஒருவனை, நம் பிரதிநிதிக்குத் தகவல்கூடச் சொல்லாமல் தூக்கிலிட ஒரு காலனி அதிகாரிக்கு என்ன துணிச்சல் என்று மேசையைத் தட்டிப் பேசினார். கண்டனக் குறிப்பின் வரைவை எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருக்கிறது. என் கையெழுத்து நன்றாக இருப்பதால் என்று நினைக்கிறேன்.

ஒரு சிக்கல். தீவின் ஏட்டில் கப்பல்காரர்கள் வைத்த 'பாட்டில் ஜாக்' என்ற பெயர்தான் இருக்கிறது. அவர் நம் குடிமகன்தானா என்று அவர்கள் கேட்பார்கள். ஆகவே, அவரைச் சிறுவயது முதல் அறிந்த, கையொப்பமிடத் தெரிந்த, பொறுப்புள்ள ஒருவரின் சத்தியப் பத்திரம் வேண்டும். ஊர்த் தலைவர் அல்லது மிஷன் உபாத்தியாயரிடம் பெற்று அனுப்பவும்.

அண்ணிக்கு என் ஆறுதலைத் தெரிவிக்கவும்.

தங்கள் கீழ்ப்படிந்த
எட்வின் ஜே. பெல்ஃபோர்
(நாக்பே)

•

கிராண்ட் செஸ்
21 மார்ச் 1911

தம்பி நாக்பே,

நான் சுகம். பிள்ளைக்கு இருமல் வந்து போயிற்று. நீ எப்போதிலிருந்து என்னை 'தாங்கள்' என்று கூப்பிட ஆரம்பித்தாய்? கவர்னரின் பெண்டாட்டிக்கு வந்த கடிதம் தவறி என்னிடம் வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

பத்திரம் இதோடு இருக்கிறது. மிஷன் உபாத்தியாயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார், தலைவரும் ரேகை வைத்தார். எழுதும்போது உபாத்தியாயர் கேட்டார், "சின்ன வயசுலேருந்து தெரிஞ்சவங்க, கையெழுத்துப் போடறவங்க, பொறுப்பான ஆள். இதுக்கு அவனோட கூடப் பொறந்தவனே சர்க்கார்ல இருக்கானேம்மா, அவன் போட மாட்டானா?" என்று. அவனுக்கு வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன். நான் சொன்னது சரிதானே?

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். குடியரசு இருக்கிறது, மேசை இருக்கிறது, உன் கையெழுத்தின் அழகும் இருக்கிறது. முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டென்னே நாற்பத்தேழு நாளாகப் பாயில் இருக்கிறாள். அடுத்த மாதம் விதைப்பு. அடக்கம் ஆகாதவனுடைய நிலத்தில் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள், எனக்கும் அனுமதி இல்லை. விதைக்காவிட்டால் அவளுக்கும் பிள்ளைக்கும் இந்த வருஷம் அரிசி கிடையாது. நேற்றுப் பிள்ளை தூக்கச் சொல்லி அவள் முன்னால் நின்று கையை நீட்டியது. அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். என்னால் பார்க்க முடியவில்லை, வெளியே போய்விட்டேன்.

ஆகவே காகிதத்தில் அதை எழுது.

அக்கா
ஜுக்பே

•

மன்ரோவியா
18 ஏப்ரல் 1911

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம். தங்கள் அனைவரின் நலத்துக்கும் பிரார்த்திக்கிறேன். பத்திரம் கிடைத்தது, மிக்க நன்றி.

கண்டனக் குறிப்பு நேற்றைய கப்பலில் சென்றுவிட்டது. செயலர் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் கையொப்பமிட்டார். தங்கள் திருப்திக்காகக் கோரிக்கைகளைத் தருகிறேன்: நடந்ததற்கு எழுத்து மூலமான விளக்கமும் மன்னிப்பும், பொறுப்பான அதிகாரி மீது நடவடிக்கை, நம் கொடிக்கு முறைப்படியான மரியாதை, அன்னாரின் பூதவுடலை உரிய கௌரவத்துடன் ஒப்படைத்தல்.

தாங்கள் கேட்டது கடைசிக் கோரிக்கையில் அடங்கும்.

தங்கள்
எ. ஜே. பெல்ஃபோர்

•

கிராண்ட் செஸ்
9 மே 1911

நாக்பே,

எல்லோரும் இருக்கிறோம்.

பூதவுடலை யாரப்பா கேட்டது? தூக்கில் போட்டவனுடைய உடம்பை எந்தச் சிறையிலாவது தூக்கிக் கொடுப்பார்களா? கொடுத்தாலும் நாலு மாதம் கழித்து அதைக் கப்பலில் எப்படிக் கொண்டுவருவது? அந்த அதிகாரி தருகிறேன் என்று சொன்னது முடியையும் நகத்தையும். கிழவர் கையில் தயாராக இருப்பதும் அதுதான்.

முடி என்று எழுதினாயா, இல்லையா? அதை மட்டும் சொல். எழுதவில்லை என்றால் இன்னொரு காகிதம் போடு. ஒரு வரி போதும். விதைப்பு முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

ஜுக்பே

•

கிராண்ட் செஸ்
2 ஜூலை 1911

நாக்பேவுக்கு,

மூன்று கப்பல் வந்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் தோணியில் போய்த் தபால் பையைக் கேட்டுவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை மாலுமி, "யம்மா, ஒனக்குக் கடுதாசி இருந்தா நான் என்ன தின்னுட்டா போறேன்" என்று சிரித்தான். உடம்பு சரியில்லையா உனக்கு? உடம்பு சரியில்லை என்றால் எழுது, நான் புறப்பட்டு வருகிறேன். வேறு காரணம் என்றால் அதையும் எழுது.

மழை பிடித்துவிட்டது. டென்னேயின் நிலம் புல் மூடிக் கிடக்கிறது. அவளுக்குச் சோறு நான்தான் ஊட்டுகிறேன். நேற்று வாயை மூடிக்கொண்டு வேண்டாம் என்றாள். "எத்தன நாளைக்கு நாத்தி எனக்கு ஊட்டுவீங்க? நானும் அங்க போயி அவரு பக்கத்துல படுத்துட்டா ரெண்டு பேரு முடியையும் சேத்துக் கொண்டாந்துரலாம்ல" என்றாள். ஓங்கி ஒரு அறை கொடுத்துவிட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். அவளைத் தொட்டால் தீட்டாம். ஆகட்டும்.

ஜுக்பே

•

மன்ரோவியா
29 ஜூலை 1911

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

சுகம். பதில் தாமதித்ததற்கு மன்னிக்கவும். இலாகாவில் வேலை நெருக்கம்.

மகிழ்ச்சியான செய்தி. அவர்கள் பணிந்துவிட்டார்கள். சட்டப்படி நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். தீவின் ஆளுநர் மாற்றப்பட்டார். சென்ற வாரம் அவர்களுடைய போர்க்கப்பல் நம் துறைக்கு வந்து நம் கொடிக்கு இருபத்தொரு குண்டு மரியாதை செய்தது. ஊரே மேட்டில் ஏறி நின்று பார்த்தது. இவ்வளவு சிறிய குடியரசுக்கு அவ்வளவு பெரிய நாடு தலைவணங்கியது இதுவே முதல்முறை என்று செயலர் கண் கலங்கினார்.

ஞாயிறன்று தேவாலயத்தில் அண்ணனுக்காக ஆராதனை நடந்தது. அவர் பெயரைச் சரியாகச் சொன்னார்கள். பெல்ஃபோர் அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறிப்பு நன்றாக அமைந்ததென்று என்னைத் தலைமை எழுத்தராக உயர்த்தியிருக்கிறார்கள்.

பூதவுடல் விஷயத்தில் மட்டும் அவர்களுடைய சிறைச் சட்டம் இடம் தரவில்லை. சுண்ணாம்பு இட்டுச் சிறை வளாகத்தில் அடக்கம் செய்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள்.

அன்புடன்
எட்வின்

•

கிராண்ட் செஸ்
24 ஆகஸ்ட் 1911

நாக்பே,

உன் சுகத்தைக் கேட்கவில்லை, உயர்வு வந்தவன் சுகமாகத்தான் இருப்பாய்.

பிளாமோ தீவுக்குப் போய்விட்டு நேற்றுத் திரும்பினார். அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

மே மாதம் உங்கள் காகிதம் சிறைக்கு வந்திருக்கிறது. வந்த அன்றைக்கே சவரக் கிழவர் துணி முடிச்சை எடுத்துக்கொண்டு அதிகாரி முன்னால் போய் நின்றிருக்கிறார். "இவங்களுக்கு இதுதாங்கய்யா வேணும், குடுத்துருங்க" என்றாராம். அதிகாரி காகிதத்தை மேலும் கீழும் படித்துவிட்டு, "இதுல பொணம்னு போட்டிருக்கு. முடின்னு போட்டிருந்தா இப்பவே குடுத்துருவேன். பெரிய எடத்து விவகாரமாயிருச்சு, காகிதத்துல இல்லாதத நான் தர முடியாது. எழுதிக் கேட்கச் சொல்லு, வச்சுக்க" என்றாராம். கிழவர் வைத்துக்கொண்டு இன்னும் ஐந்து வாரம் பார்த்திருக்கிறார். ஜூன் கடைசியில் சிறையில் காய்ச்சல் கண்டு, கைதிகள் அறை, வேலைக்காரர்கள் அறை என்று எல்லாத் துணியையும் வாரிப் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். முடிச்சும் அதில் போய்விட்டது. கிழவர் பிளாமோவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வரி எழுத உங்க ஊர்ல ஆளே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆள் இருக்கிறான் என்று பிளாமோ சொல்லவில்லையாம். சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

உன் குண்டு மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதைக் குழி வெட்டிப் புதைக்க முடியுமா? மே மாதமே நான் கேட்டேன், எழுதினாயா இல்லையா என்று. அப்போதும் முடிச்சு கிழவர் கையில்தான் இருந்தது. உனக்கு அப்படி என்னடா வந்தது? நீ என் முன்னால் இருந்திருந்தால் டென்னேயை அறைந்த கையால் உன்னையும் அறைந்திருப்பேன்.

ஜுக்பே

•

மன்ரோவியா
17 செப்டம்பர் 1911

அக்கா,

நீ அறைந்திருக்கலாம்.

முதல் வரைவில் எழுதினேன். 'இறந்தவரின் தலைமுடியையும் நகத்தையும் உறவினரிடம் ஒப்படைக்க வேண்டும்' என்றே எழுதினேன். மை காய்வதற்குள் யோசனை வந்துவிட்டது. செயலர் படித்துவிட்டு, இது என்ன வழக்கம், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். என் அக்கா எழுதினாள் என்று சொல்ல வேண்டும். என்னைப் பெல்ஃபோர் வீட்டில் வளர விட்ட விஷயம் ஆபீசில் பழைய ஆட்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் என்னை அந்த வீட்டுப் பிள்ளை என்றே நினைக்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அந்த வரியை அடித்துவிட்டுப் பூதவுடல் என்று எழுதினேன்.

யாரும் சிரிக்கவில்லை அக்கா. யாரும் தடுக்கவும் இல்லை. செயலர் அந்த முதல் வரைவைப் பார்க்கவே இல்லை. சிரிப்பார்களோ என்று நானே அடித்துவிட்டேன். சத்தியப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடாததும் அதனால்தான். உன் மே மாதக் கடிதம் வந்தபோது இன்னொரு வரி எழுதியிருக்கலாம். முதலில் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்களே என்று அதையும் எழுதவில்லை. மூன்று கப்பல் நீ தபால் பையைக் கேட்டுக்கொண்டு நின்றபோது நான் இங்கே சும்மாதான் இருந்தேன். வேலை நெருக்கம் என்றது பொய்.

அண்ணன்தான் எனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தான். அதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று ஆபீசுக்குப் போய்ச் செயலரிடம் சொன்னேன், தூக்கில் போட்டது என் அண்ணனை என்று. அவர், "முன்னாடியே சொல்லியிருந்தா நானே உன்னத் தீவுக்கு அனுப்பியிருப்பேனே, தம்பி" என்றார். எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதோடு, இங்கே வந்திருக்கும் பிளாமோவிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். என் தலையை மழித்த முடியும் என் நகமும். அண்ணனுடையது இனி வராது. நானும் அதே வயிற்றில் பிறந்தவன்தான். பெரியவர்கள் ஒப்புக்கொண்டால் இதைப் புதைத்து அண்ணியை எழுந்திருக்கச் சொல். ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு என்ன செய்யலாம் என்று எழுது, செய்கிறேன்.

டிசம்பரில் விடுப்புக் கேட்டிருக்கிறேன். ஊருக்கு வந்து உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை.

உன் தம்பி
நாக்பே

•

கிராண்ட் செஸ்
20 அக்டோபர் 1911

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். பிள்ளை சுகம். டென்னேயும் சுகம் என்று முதல் முறையாக எழுதுகிறேன்.

பெரியவர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து பேசினார்கள். முடி யாருடையது என்று நான் மறைக்கவில்லை, எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒரு வயிற்றுப் பிள்ளையின் முடி ஆகும் என்றார்கள். ஆனால் புதைத்தது யாருடையதோ அவனும் போனவன்தான் என்றார்கள். அவன் இந்த மண்ணில் கால் வைக்கக்கூடாது. அவன் பெயரை வீட்டு ஆட்கள் வாயால் கூப்பிடக்கூடாது. மீறினால் டென்னே மறுபடி பாயில் உட்கார வேண்டும். இது உனக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல்தான் அனுப்பியிருப்பாய்.

"அவனைக் கேட்டு எழுதறியா? ஒரு மாசம் பொறுக்கலாம்" என்று தலைவர் கேட்டார். நேரம் இருந்தது. நான் கேட்கவில்லை. ஒன்பது மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது போதும் என்று தோன்றிவிட்டது. "பொதைங்க" என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டினோம். பிளாமோ மண் போட்டார். மண் மூடினதும் டென்னே எழுந்தாள். கால் மரத்துப்போய் இரண்டு தரம் விழுந்தாள். நேரே கடலுக்குப் போய்க் கழுத்தளவு தண்ணீரில் நின்று வெள்ளை மண்ணையெல்லாம் கழுவினாள். திரும்பி வந்து முதல் வேலையாகப் பிள்ளையைத் தூக்கினாள். வெள்ளை மண் இல்லாத அவளைப் பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை, கத்தி அழுதான். தூக்கியபடியே அடுப்பைப் பற்ற வைத்துப் பனைக்காய்க் குழம்பு வைத்தாள். உப்பு அதிகம். எல்லோரும் சாப்பிட்டோம்.

உன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. நான் செய்தது உன்னைப் பழிவாங்கவா, டென்னேக்காகவா என்று எனக்கே சில சமயம் தெரியவில்லை. நீ என்னைத் திட்டி எழுது, தாங்கிக்கொள்வேன்.

உறையின் மேல் பெல்ஃபோர் என்று எழுதியிருக்கிறேன். உள்ளே உன் பெயரைப் போடவில்லை, கவனித்திருப்பாய்.

டிசம்பரில் விடுப்புக் கிடைத்தால் வா. ஆனால் இறங்காதே. கப்பல் நங்கூரம் போட்டதும் நான் தோணியில் வருகிறேன், அரிசியும் குழம்பும் கொண்டுவருகிறேன், கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள். தோணியில் நிறைய அக்காக்கள் வருவார்கள், கப்பலில் நிறையத் தம்பிகள் நிற்பார்கள். நீ மேல்தளத்தில் ஓரமாக வந்து நில். என்னால் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. நீதான் எல்லார் காதிலும் விழும்படி என்னைக் கூப்பிட வேண்டும்.

அக்கா
ஜுக்பே